ஆள் புழங்கினால் நிற்கும், பூட்டினால் இடியும்: நீலகிரி பங்களாக்களின் தலையெழுத்தை எழுதுவது யார்?

மேட்டுப்பாளையத்தில் இருந்து நீலகிரிக்கு ஏற ரெண்டு ரோடு. குன்னூர் வழி எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொன்று, அரவேணு வழியாக கோத்தகிரிக்குப் போகும் ரோடு. இதில் கூட்டம் கொஞ்சம் கம்மி, தேயிலைத் தோட்டம் அதிகம். வளைவு திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு மேட்டில், மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ போட்ட பழைய பங்களா ஒன்று கண்ணில் படும். சிலவற்றின் வாசலில் ரிசார்ட் போர்டு தொங்கும். சிலவற்றில் பூட்டு தொங்கும்.

ஒரே காலத்தில், ஒரே மாதிரி கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிய வீடுகள்தான் இவை. அப்புறம் ஏன் ஒன்று கல்லூரி ஆகிறது, ஒன்று ஹோட்டல் ஆகிறது, ஒன்று குட்டிச்சுவர் ஆகிறது? இதில் அரசு செய்ய வேண்டியது என்ன? பார்க்கலாம்.

முதல் பங்களா எங்கே?

நீலகிரியில் ஆங்கிலேயர் கட்டிய முதல் வீடு எது என்று கேட்டால், பலரும் ஊட்டியில் ஏதாவது ஒரு கட்டடத்தைச் சொல்வார்கள். உண்மையில் அது இருப்பது கோத்தகிரி பக்கம். அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், 1819-ல் மலை ஏறி வந்து, படுகர் கிராமமான கன்னேரிமுக்கில் ஒரு வீடு கட்டினார். கோத்தகிரியில் இருந்து சுமார் 2 கி.மீ. தூரம்தான். பெத்தக்கல் பங்களா என்று பெயர்.

'மாளிகை' என்று கற்பனை பண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் கிடைக்கும். சின்ன வீடு. பிற்காலத்தில் அது கவனிப்பார் இல்லாமல் சிதைந்து போனது. 2002-ல் மாவட்ட நிர்வாகம் முயற்சி எடுத்து அதைச் சீரமைத்தது. இன்று அது சல்லிவன் நினைவகம். நீலகிரி ஆவண மையத்தின் அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. மாவட்டத்தின் பழைய படங்களையும் மலைமக்களின் வரலாற்றையும் அங்கே பார்க்கலாம்.

அதாவது, மலையின் மிகப் பழைய பங்களா, மிகச் சிறிய பங்களாக்களில் ஒன்று, கிட்டத்தட்ட காணாமல் போய், பிறகு திரும்பி வந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு புதிய வேலை கிடைத்ததுதான் அதற்குக் காரணம்.

கல் பங்களா, கல்லூரி ஆன கதை

சல்லிவன் அடுத்து போனது ஊட்டிக்கு. 1822-ல் அங்கே கல் வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். ஆங்கிலத்தில் 'ஸ்டோன் ஹவுஸ்'. மலைமக்கள் வாயில் அது 'கல் பங்களா'. ஊட்டியின் முதல் பங்களா அதுதான். பின்னாளில் சென்னை மாகாண அரசு ஒவ்வொரு கோடையிலும் ஃபைல்களோடு ஊட்டிக்கு இடம்பெயர்ந்தபோது, அந்த வளாகம் அரசு அலுவலகமாக மாறியது.

சுதந்திரத்துக்குப் பிறகு கோடைத் தலைநகர் என்ற ஏற்பாடே முடிந்துபோனது. அப்போது அந்த வளாகத்தைப் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லவேளை, 1955-ல் அங்கே அரசு கலைக் கல்லூரி வந்தது. அன்று முதல் இன்று வரை மலைக் கிராமங்களில் இருந்தும் எஸ்டேட்களில் இருந்தும் பிள்ளைகள் அங்கே படிக்க வருகிறார்கள். ஒரு கலெக்டரின் குடும்பத்துக்காகக் கட்டிய இடம், தேயிலை பறிப்பவர்களின் பிள்ளைகள் பட்டம் வாங்கும் இடமானது. நீலகிரி பங்களாக்களின் கதையில் இதைவிட நல்ல திருப்பம் இல்லை.

மகாராஜாக்கள் வந்தார்கள், போனார்கள்

ஆங்கிலேயர் பின்னாலேயே சமஸ்தான மன்னர்களும் ஊட்டிக்கு வந்தார்கள். வெயில் காலத்தில் கவர்னர் இருக்கும் ஊரில் தங்களுக்கும் ஒரு வீடு வேண்டும் இல்லையா?

ஃபெர்ன்ஹில்ஸ் அரண்மனை இதற்கு நல்ல உதாரணம். 1844-ல் கேப்டன் காட்டன் என்பவர் கட்டிய பங்களா அது. 1873-ல் மைசூர் அரச குடும்பம் அதை வாங்கியது. அடுத்த நூறு வருடம் அது அரச குடும்பத்தின் கோடை வீடு. ஜோத்பூர் அரச குடும்பத்துக்கு 'அரண்மோர்' என்ற மாளிகை இருந்தது.

1971-ல் ஒரு பெரிய மாற்றம். அரசியல் சாசனத்தின் 26-வது திருத்தம் மூலம் மன்னர் மானியத்தை இந்திய அரசு ரத்து செய்தது. வருடத்தில் சில வாரங்கள் மட்டும் தங்கும் வீட்டுக்கு வருடம் முழுக்கத் தோட்டக்காரர், காவலாளி, சமையல்காரர் என்று சம்பளம் கொடுக்க இனி யாரால் முடியும்? ஃபெர்ன்ஹில்ஸ் 1970-களில் ஹோட்டலாக மாறியது. அரண்மோர் மாளிகை அரசு கைக்கு வந்து 'தமிழகம்' என்ற பெயரில் விருந்தினர் மாளிகை ஆனது. ராஜஸ்தானில் உதய்ப்பூர் ஏரி அரண்மனை 1963-லேயே ஹோட்டல் ஆகிவிட்டது. ஊட்டிக்கு அந்த அலை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

ஊட்டி கிளப்பின் கதை இதற்கு நேர் தலைகீழ். 1830-களின் தொடக்கத்தில் வில்லியம் ரம்போல்ட் என்பவர் அதை ஹோட்டலாகத்தான் கட்டினார். பிறகு அது உறுப்பினர்கள் மட்டும் நுழையும் கிளப் ஆனது. ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகளை 1880-களில் எழுதி ஒட்டிய இடம் என்பது அதன் பெருமை. ஹோட்டல் கிளப் ஆகலாம், அரண்மனை ஹோட்டல் ஆகலாம். ஆள் புழங்கும் வரை கட்டடத்துக்கு ஆயுசு கெட்டி.

சரி, பூட்டிய பங்களா ஏன் இவ்வளவு சீக்கிரம் இடிகிறது?

இதற்கு விடை மலையின் வானிலையில் இருக்கிறது. நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அரவேணு, கோத்தகிரி இருக்கும் கிழக்குச் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆட்டம் காட்டும். இடையில் மூடுபனி, டிசம்பர் ஜனவரியில் உறைபனி. சுவர் முழுதாகக் காய்வதற்குள் அடுத்த ஈரம் வந்துவிடும்.

பழைய பங்களாக்களின் சுவர் கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். உள்ளே கணப்பில் விறகு எரிந்தால் வீடு தானாகக் காயும். ஆள் இல்லை என்றால் கணப்பு எரியாது, ஜன்னல் திறக்காது. கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால் ஏற்றி வைக்க ஆள் இருக்காது. அந்த ஓட்டை வழியாக ஒரு மழைக்காலம் தண்ணீர் இறங்கினால் உத்தரம் ஊறும். அடுத்த மழைக்குக் கரையான் வரும். அதற்கடுத்து கூரை தரைக்கு வரும்.

ரிப்பேர் செய்கிறேன் என்று சிமென்ட் பூசுவதும் ஆபத்துதான். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் அடைபடும். வெளியே பளபளப்பாகத் தெரியும் சுவர் உள்ளுக்குள் உதிர்ந்துகொண்டிருக்கும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது இன்று குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகுமா என்பது அடுத்த கேள்வி.

அதனால் 'உரிமையாளருக்கு அக்கறை இல்லை' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவது சரியில்லை. பல வீடுகளில் வாரிசுகள் மூன்று நாடுகளில் இருப்பார்கள். பாகப்பிரிவினை முடிந்திருக்காது. பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும். ரிப்பேருக்கு வங்கிக் கடன் கேட்டால் பத்திரம் கேட்பார்கள். பத்திரம் சரியாவதற்குள் கூரை போய்விடும்.

சட்டம் காப்பாற்றாதா?

நூறு வருடம் தாண்டினால் எந்தக் கட்டடமும் தானாகவே பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மத்திய தொல்லியல் துறையோ மாநிலத் தொல்லியல் துறையோ அதைத் தேர்ந்தெடுத்து முறைப்படி அறிவிக்க வேண்டும். நீலகிரியின் தனியார் பங்களாக்களில் பெரும்பாலானவை அந்த வளையத்துக்கு வெளியேதான் இருக்கின்றன.

மலைக்கென்று தனி விதிகள் உண்டு. 1990-ல் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது இங்கே பல வருடங்களாகப் பழகிப்போன விதி. பொக்லைன் இயந்திரம் ஓட்டவும் கட்டுப்பாடு உண்டு. இவை எல்லாமே தேவையான விதிகள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, மாவட்டம் முழுக்க நடந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மலையில் யாரும் மறக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த விதிகள் புதிதாக என்ன கட்டலாம் என்பதைக் கேட்கின்றன. பழையதை இடிக்கலாமா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் தமிழ்நாடு பாரம்பரியச் சின்னங்கள் ஆணையச் சட்டம் 2012-ல் சட்டப்பேரவையில் நிறைவேறியது. பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிடுவது, அவற்றில் மாற்றம் செய்ய அனுமதி கொடுக்கும் முன் உள்ளூர் அமைப்புகளுக்கு ஆலோசனை சொல்வது ஆகியவை ஆணையத்தின் வேலை. சட்டம் நடைமுறைக்கு வரவே 2024 ஆகிவிட்டது. 12 வருடம்! ஒரு கூரை விழுவதற்கு மூன்று மழைக்காலம் போதும் என்று பார்த்தோம். அந்த 12 வருடத்தில் மலையில் எத்தனை மழைக்காலம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்போ எல்லாத்தையும் ரிசார்ட் ஆக்கிடலாமா?

இதுதான் இன்று சுலபமாகச் சொல்லப்படும் தீர்வு. வீக் எண்டுக்கு ஆள் வருவார்கள், வாடகை வரும், கூரை ஒழுகாது. ஓரளவு உண்மைதான். பல எஸ்டேட் பங்களாக்கள் இன்று நிற்பதே தங்க வரும் விருந்தினர்களின் காசில்தான். காரைக்குடி பக்கம் செட்டிநாட்டு வீடுகள் சில பிழைத்ததும் இதே வழியில்தான்.

ஆனால் ரிசார்ட்டுக்கு ஒரு விலை உண்டு. நாலு பெட்ரூம் பங்களாவில் வரும் வருமானம் போதாது என்று பின்னால் இருக்கும் மேட்டை வெட்டி இருபது காட்டேஜ் கட்டினால், பங்களா வெறும் வரவேற்பறையாக மாறிவிடும். பழைய பங்களாவின் மதிப்பு சுவரில் மட்டும் இல்லை. சுற்றி இருக்கும் வளாகத்திலும் மரத்திலும், மழைத் தண்ணீர் இறங்கிப் போக விட்டிருக்கும் சரிவிலும் இருக்கிறது. சரிவை வெட்டினால் கீழே இருக்கும் வீடுகளுக்கும் ரோட்டுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

ஊரின் தாங்குசக்திக்கும் ஒரு எல்லை உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பே வந்தது. வண்டியை எண்ணி உள்ளே விடும் ஊரில், ஒவ்வொரு பழைய வீட்டையும் தங்கும் விடுதியாக்கிக் காப்பாற்றுவோம் என்பது கணக்குக்கே ஒத்து வராது.

வெள்ளைக்காரன் வீட்டை நாம ஏன் காப்பாத்தணும்?

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது.

இந்த வீடுகள் காலி நிலத்தில் முளைக்கவில்லை. தோடர்களின் மேய்ச்சல் நிலத்திலும் படுகர், கோத்தர் ஊர்களுக்கு அருகிலும்தான் கட்டப்பட்டன. தோடர்களிடம் நிலம் வாங்கிய சல்லிவனே, பிறகு மலை நிலத்தின் உரிமை தோடர்களுக்குத்தான் என்று அரசிடம் வாதாடினார் என்பது வரலாற்றின் முரண். எஸ்டேட்டில் 'துரை பங்களா' மேட்டில் இருக்கும், தொழிலாளர்களின் லயன் வீடுகள் கீழே வரிசையாக இருக்கும். துரை வீட்டில் பத்து அறை, லயனில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்ற காலமும் இருந்தது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்காக அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியபோது, அவர்களும் இதே மலையில், இதே மாதிரி வரிசை வீடுகளில்தான் குடியேறினார்கள்.

அதனால் பங்களாவைத் தூசி தட்டி, பழைய ஃபர்னிச்சர் போட்டு, 'அந்தக் காலத்து ராஜ வாழ்க்கை' என்று விற்பது பாதி உண்மை மட்டுமே. ஆனால் இடித்துவிட்டால் மீதிப் பாதியும் சேர்ந்து போய்விடும். யார் நிலம், யார் கல் சுமந்தது, யார் எங்கே தூங்கினார்கள் என்பதை நேரில் காட்டும் ஆதாரம் இந்தக் கட்டடங்கள்தான். மேட்டில் பங்களாவும் கீழே லயனும் ஒன்றாக நின்றால்தான் அந்த வித்தியாசம் அடுத்த தலைமுறைக்குப் புரியும்.

கன்னேரிமுக்கு இதில் நல்ல வழியைக் காட்டுகிறது. சல்லிவனின் பெயரில் இருக்கும் வீடுதான். ஆனால் அங்கே சொல்லப்படுவது அவர் கதை மட்டும் இல்லை, மலைமக்களின் கதையும்கூட.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

பிரிட்டனில் பெரும் பண்ணை மாளிகைகள் வரிச்சுமையால் விழத் தொடங்கியபோது, 1937-ல் ஒரு சட்ட ஏற்பாடு வந்தது. உரிமையாளர் வீட்டை 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்புக்கு எழுதிக் கொடுக்கலாம், குடும்பம் அங்கேயே தொடர்ந்து வாழலாம். பதிலுக்குப் பொதுமக்கள் வந்து பார்க்க வழி விட வேண்டும்.

மும்பை 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டது. இடிக்க முடியாததால் உரிமையாளருக்கு ஏற்படும் இழப்புக்கு ஈடாக, அந்தக் கட்டுமானப் பரப்பை வேறு இடத்தில் பயன்படுத்தும் உரிமையும் கொடுத்தது. மலைக்கு இந்த இரண்டாவது பாதி பொருந்தாது. இங்கே 'வேறு இடம்' என்பதும் இன்னொரு சரிவுதான்.

பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியில் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளை உரிமையாளர்களையும் சேர்த்துக்கொண்டு சீரமைத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அதே புதுச்சேரியில், கடற்கரையில் அரசு கையிலேயே இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பழைய வடிவத்திலேயே புதிதாகக் கட்டினார்கள். அரசு சொத்து என்பது மட்டுமே உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

உள்ளூரிலேயே இன்னோர் உதாரணம் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த மலை ரயில் 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய ரயில் என்பதால் மட்டும் அது பிழைக்கவில்லை. இன்றும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுவதால் பிழைத்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, கணக்கெடுப்பு. நீலகிரியின் ஒவ்வொரு தாலுகாவிலும் எத்தனை பழைய பங்களாக்கள், யார் கையில், எந்த நிலையில் இருக்கின்றன என்ற பொதுப் பட்டியல் வேண்டும். சட்டம் வந்துவிட்டது, ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பட்டியல் இல்லாமல் எதையும் காப்பாற்ற முடியாது. அந்தப் பட்டியலில் துரை பங்களா மட்டும் இல்லாமல் பழைய லயன் வீடுகளும், பழைய தேயிலைத் தொழிற்சாலைகளும், படுகர் ஊர்களின் வரிசை வீடுகளும் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, பராமரிக்கும் உரிமையாளருக்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டும். சொத்து வரியில் சலுகை, கூரை ரிப்பேருக்குக் குறைந்த வட்டிக் கடன், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களை உருவாக்கும் பயிற்சி. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு சிறு விவசாயிகள் வருடக்கணக்கில் போராடும் மலை இது. இங்கே கையில் பிடிக்க ஒரு புதுத் தொழில் கிடைத்தால் இளைஞர்கள் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

மூன்றாவது, மறுபயன்பாட்டுக்கு அனுமதி கொடுக்கும்போது கட்டடத்தோடு வளாகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பங்களாவைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி சரிவை வெட்ட அனுமதிக்கக் கூடாது.

நான்காவது, அரசு கையில் இருக்கும் கட்டடங்களில் இருந்து தொடங்க வேண்டும். காலியாகக் கிடக்கும் அரசு பங்களா எதுவானாலும் நூலகமாகவோ, போட்டித் தேர்வுப் பயிற்சி மையமாகவோ, வீட்டில் இருந்து வேலை செய்யும் இளைஞர்களுக்கு நெட் வசதியுள்ள பொது அலுவலகமாகவோ மாறலாம். பெரிய செலவு இல்லாத யோசனைதான். தினமும் நாலு பேர் கதவைத் திறந்தாலே பாதிப் பராமரிப்பு முடிந்த மாதிரி.

இதற்கெல்லாம் காசு எங்கே என்ற கேள்வி வரும். மலைக்கு வரும் வண்டிகளை எண்ண முடிகிற அரசுக்கு, அந்தச் சுற்றுலா வருமானத்தில் ஒரு சின்னப் பங்கை மலையின் கூரைகளுக்கு ஒதுக்குவது முடியாத காரியம் இல்லை.

எல்லா பங்களாவையும் காப்பாற்ற முடியாது. காப்பாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் எது நிற்கட்டும், எது போகட்டும் என்பதை ஊர் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். இப்போதைக்கு அந்த முடிவை எடுத்துக்கொண்டிருப்பது ஐப்பசி மழையும் கரையானும்தான். அடுத்த மழைக்கு முன்னால் கணக்கெடுப்பையாவது தொடங்கினால், முடிவு மறுபடி மனிதர்கள் கைக்கு வரும்.